தொண்ணூற்றேழு கிலோவுக்கு ஒரு சோடி ஸ்பிரிங்

மே 5, திங்கள்

காலை முழுக்கத் தூறல். கடைக்கு வெங்காயம் வந்தது. சில மூட்டைகளில் அடி ஈரம், திருப்பி அனுப்பியாயிற்று. டிரைவர் முகத்தைத் தூக்கினான். தூக்கட்டும்.

முருங்கைக்காய் ஓர்டர். குளிர்ப்பெட்டிக்குக் கதவு ரப்பர். இவருடைய தோளுக்கு எண்ணெய்.

தோள் இன்னும் நீலம். சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் கிளப்பின் மண் பாதையில், இறக்கத்தில் பிரேக் பிடித்தாராம். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் அப்படியே குந்தியதாம். இவர் ஹாண்டிலுக்கு மேலால் பறந்திருக்கிறார். ஒரு மாதத்தில் இது இரண்டாந்தரம். இன்று சோற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"மோட்டச்சைக்கிளை விக்கப் போட்டிட்டன். வாற சனிக்கிழமை ஒருத்தன் பார்க்க வாறான்."

"தோள் நோவாலையோ?"

"வயசாலை."

அதோடு எழும்பிப் போய்விட்டார். மீன்பொரியல் அப்படியே கிடந்தது.

முதுகு நோவால் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு இந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்க ஜன்னலடியில் நின்றவர். கீழே வெஸ்ட்லி ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பதையும் திரும்பிப் போவதையும் பார்ப்பார். கேட்டால் "ஓம்". இன்னொன்று கேட்டால் "இல்லை". பிறகுதான் இந்தப் பழைய மோட்டார் சைக்கிள். சேறும் கதையுமாக வீட்டுக்கு வரத் தொடங்கினார். எந்த வளைவில் எந்தக் கல், எப்படி ஏறினேன், எப்படி இறங்கினேன். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. இன்று மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும். அது அதைவிட மோசம்.

மே 6, செவ்வாய்

வெயில். மரத்துப் பூந்தூள். காலையிலிருந்து தும்மல்.

ஸ்தவாங்கரிலிருந்து மகள் போன் எடுத்தாள். "அம்மா, அப்பாக்கு என்ன? குரலே இல்லை. ஸ்லித்தனோ?" களைப்பு என்பதற்கு அவளுக்கு நொர்வீஜியச் சொல்தான் முதலில் வரும். ஓம், களைப்புத்தான் என்றேன். வேறென்ன சொல்ல.

பின்னேரம் கடைக்குப் பிரபு வந்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, திராமன் நகரத்தில் இன்ஜினியர், கிளப்பில் இவரோடு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவன். போன மாதம் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்ததும் அவன்தான். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றான்.

"ஆன்ட்டி, அங்கிள் வண்டிய விக்கிறாராமே. எம்மேல கோவமா?"

"உங்களிலை ஏன் தம்பி கோவம்?"

"ஸ்பிரிங் மாத்துனது நான்தானே. ஆனா அவர் கேட்ட மாதிரிதான் போட்டேன். கல்லுல ஏறி இறங்குனா முன்பக்கம் ஆறுதலா எழும்பணும்னாரு."

"அதுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கைக்கு ஆறுதலா, சுகமா இருக்கட்டும்னு மெத்துமெத்துனு ஒரு ஸ்பிரிங்கா பாத்துப் போட்டேன்."

பில் போடுவதை நிறுத்தினேன்.

என் கடைக்கு இரண்டு தமிழும் வரும். ஒருமுறை சென்னைப் பெண் ஒருத்தி போனில், கடை பூட்டிவிடுவீர்களா என்று அவசரப்பட்டாள். ஆறுதலா வாங்கோ என்றேன். வந்து இறங்கியதும், "எங்க வீட்ல யாரும் தவறலைங்களே, எதுக்கு ஆறுதல் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தம்பி, ஆறுதலா எண்டா எங்களுக்கு மெதுவா."

"மெதுவாவா?"

"ஓம். அவசரமில்லாமல்."

பிரபு கறிவேப்பிலையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினான். கல்லில் பட்டு முன்பக்கம் அமுங்குகிறது, அது சரி. அமுங்கியது சட்டென்று திரும்பி எழும்பிக் கையை உதைக்கிறது. மெதுவாக எழும்ப வேண்டும் என்றுதான் இவர் கேட்டிருக்கிறார். அதற்கென்று ஃபோர்க்கில் ஒரு திருகாணி இருக்கிறதாம். ஸ்பிரிங்கைத் தொடவே தேவையில்லையாம். மெத்தென்ற ஸ்பிரிங் போட்டதால் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் தாங்காமல் குந்துகிறது. ஸ்பிரிங்கை ஓடுகிறவரின் நிறைக்குத்தான் பார்த்துப் போடுவதாம்.

"ஒரு ஸ்க்ரூ ஆன்ட்டி. ரெண்டு கிளிக் திருப்பியிருந்தா முடிஞ்சுது. மனுஷனைக் கவுத்துட்டேன்."

"தன்ரை நிறை எவ்வளவு எண்டு சொன்னவர்?"

"எழுபத்தெட்டு கிலோ."

இந்த மனிதருக்கு இடுப்பளவு பார்த்துக் களிசான் வாங்குகிறவள் நான். பிரபுவுக்கு முன்னால் சிரிக்கக்கூடாதென்று குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டேன்.

மே 7, புதன்

எல்லாவற்றையும் இவருக்குச் சொன்னேன். ஆறுதல் கதைக்கு உதட்டோரம் அசைந்தது. பிறகு பழையபடி.

"எண்டாலும் விழுந்தது நானெல்லோ. விடும் மலர். இவ்வளவு நாள் ஆடினது போதும்."

விற்காதேயுங்கோ என்று கெஞ்சினால் நிச்சயம் விற்பார். வேறு வழியால் போனேன்.

"வில்லுங்கோ. ஆனால் பழுதுச் சாமான் எங்கடை கையாலை வெளியிலை போகாது. வாறவன் அதாலை விழுந்தால் ஆருக்குப் பேர்?"

யோசித்தார். நியாயம் என்று பட்டால் மறுக்கத் தெரியாத மனிதர். அதை நம்பித்தான் முப்பது வருடமாகக் குடித்தனம்.

"அப்ப வாங்கிறவன்ரை நிறைக்கெல்லோ ஸ்பிரிங் பார்க்கவேணும்?"

"சனிக்கிழமை ஓடிக் காட்டுறது ஆர்? அவனோ?"

கடை பூட்டிய பின் பின்னறைக்குக் கூட்டிப் போய் அரிசி நிறுக்கிற தராசில் ஏற்றினேன். சப்பாத்து, ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முதுகுப் பை, எல்லாவற்றோடும். ஓடும்போது இருக்கிறபடியேதான் நிறுக்க வேண்டும் என்று பிரபு சொன்னவன். தொண்ணூற்றேழு.

"தராசு பிழை."

"இதிலைதான் ஊருக்கே அரிசி விக்கிறன்."

"உடுப்பு நல்ல கனம்."

"உடுப்பு இருபது கிலோவோ?"

இறங்கி, பையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப ஏறிப் பார்த்தார். பாவம். பையில் நான் கட்டிக் கொடுத்த ரொட்டிதான் இருந்தது.

மே 8, வியாழன்

காற்று. கடைப் பலகை ஆடுகிறது. ஆள் பிடித்துக் கட்ட வேண்டும்.

முழு நாளும் டெலிபோன். தடித்த ஸ்பிரிங் வேண்டும். பாகங்கள் விற்கிற ஒரு கடையில் இரண்டு கிழமை என்றார்கள். மற்றதில் பொடியன் ஒருவன், ஓட்டுபவர் போட்டிகளுக்குப் போகிறவரா என்று கேட்டான். இல்லை, சாப்பிடுகிறவர் என்றேன்.

கடைசியில் பிரபு கிளப்பில் ஓர் ஆளைப் பிடித்தான். என்னவரைப் போல உடம்பு, போன வருடம் வேறு மோட்டார் சைக்கிளுக்கு மாறியவர். தன் பழைய ஸ்பிரிங் சோடியைக் கழற்றி எண்ணெய் பூசி வைத்திருந்தார். அளவும் சரி. கடையை வேலைக்கு நிற்கிற பிள்ளையிடம் விட்டுவிட்டு நானே போனேன். பேரம் பேசவில்லை. வெளியே தெரிந்தால் என் மானம் போகும்.

கையில் எடுத்துப் பார்த்தேன். வெறும் சுருட்டின கம்பி. இதை நம்பியா இருக்கிறேன் என்று வழி முழுக்க யோசனை.

மே 9, வெள்ளி

கடைப் பின்னறையில் வேலை. வெங்காய மூட்டைகளைத் தள்ளி இடம் எடுத்தோம். பிரபு ஃபோர்க்கைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தான். தேயிலைச் சாயம் மாதிரி. புது எண்ணெய், புது ஸ்பிரிங்.

பிறகு இவர் முழு உடுப்போடும் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முன்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பது. அளவு நாடா என் கையில்.

"அங்கிள், மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. வெயிட் குறையாது."

"ஆர் பிடிக்கிறது? நான் சும்மா இருக்கிறன்."

"வயித்தை விடுங்கோ," என்றேன். விட்டார். நாடாவில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் பிரபு இரண்டு முறை அளந்தான். சரியாக இருக்கிறதாம்.

அடுத்தது திருகாணி. அமத்துவது, எழும்ப விடுவது, ஒரு கிளிக். திரும்ப அமத்துவது. இவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் தரம், "தள்ளி நில்லும் தம்பி, நான் அமத்துறன்" என்றார். நாலாம் தரம், "இன்னும் ஒண்டு". பிறகு இரண்டு பேரும் தரையில் குந்தியிருந்து கதைத்ததில் எனக்குப் பாதி விளங்கவில்லை.

கொத்துரொட்டி எடுப்பித்தேன். பிரபு மூன்று பேர் சாப்பாடு சாப்பிட்டான்.

நாளை விற்பது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

மே 10, சனி

மூட்டம், மழை இல்லை. கடையைப் பதினொரு மணிக்கே பூட்டினேன். சனிக்கிழமையில். கடை வான் வண்டியில் மோட்டார் சைக்கிள், அதற்குப் பக்கத்தில் திராமன் கடை ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய மாம்பழப் பெட்டிகள்.

கிளப் பாதைக்கு வாங்க வந்தவர் எயிரிக். நல்ல மனிதர், நாற்பது வயதிருக்கும், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி காத்திருந்தார். இவர் ஒரு சுற்று ஓடிக் காட்டுவது, பிறகு அவர் ஓடிப் பார்ப்பது. அப்படித்தான் பேச்சு.

ஓடினார். இவர் விழுந்த அந்த இறக்கம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. பிரபு என் பையை இறுகப் பிடித்தான். முன்பக்கம் தாழ்ந்தது, தாங்கியது, நிமிர்ந்தது. போய்விட்டார்.

சுற்று முடிந்தது. நிறுத்தவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த சுற்று. பிறகு இன்னொன்று.

"ஆன்ட்டி, அங்கிள் நிறுத்த மாட்டேங்கிறாரு."

எயிரிக் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் மரங்களைப் பார்த்தேன்.

கடைசியில் வந்து நின்றார். பல்லில்கூடச் சேறு. இறங்காமலே எயிரிக்குக்கு நொர்வீஜியனில் சொல்லத் தொடங்கினார். ஸ்பிரிங், எண்ணெய், திருகாணி, எந்த வேருக்கு எப்படி எழும்புகிறது. எயிரிக் நெடுநேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மரியாதையாக, "அப்போ, இது விற்பனைக்குத்தானே?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

வாங்க வந்த ஆளுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இன்று சொன்னேன். விற்றாயிற்று, மன்னிக்க வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். தொண்ணூற்றேழு கிலோவில் ஒரு ஆள் கிடைத்தார் என்றேன். எயிரிக் இவருடைய வயிற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு விடலாமா. வான் வண்டியிலிருந்து ஒரு பெட்டி மாம்பழம் எடுத்துக் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, தோலோடு சாப்பிடுவதா என்று கேட்டார். இவர் சேற்றுக் கையோடு கத்தி தேடி என் கைப்பை முழுவதையும் கிண்டினார்.