நாற்பது நிமிஷத்துச் செய்தி

விழுப்புரம்
8.6.1987

அன்புத் தம்பி விருத்தாசலத்துக்கு,

நேற்று திண்டிவனம் வந்தபோது எழுபத்தொன்றாம் வருஷப் போரைப் பற்றிக் கேட்டேன். நீ எழுந்து மல்லாட்டைக் கொல்லையில் களை பிடுங்கப் போய்விட்டாய். கோபமில்லை. கடிதத்திலாவது பதில் சொல்வாய் என்று, பெங்களூர் வேலைக்குத் திரும்புமுன் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி வெளியே சொல்லக்கூடியது இவ்வளவுதான். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றிடமும் வெவ்வேறு கம்ப்யூட்டர்கள். ஒன்று அனுப்புவது மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றிலும் ஓடும் ஒரு பொதுப் புரோகிராமை நாங்கள் ஆறு பேர் நான்கு வருஷமாக எழுதினோம். "எங்கள் முறையே போதும்" என்று மூன்று பக்கமும் கைவிரித்துவிட்டார்கள். இருபதாம் தேதி கடைசிக் கூட்டம். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்.

வயர்லெஸ் செட்டோடு போர்முனையில் இருந்தவன் நீ. இது தேவையா, இல்லையா?

அக்கா காந்திமதி


திண்டிவனம்
11.6.1987

அன்புள்ள அக்கா,

தேவை.

அன்று எங்கள் ஆட்கள் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். "இடம் மாறிட்டோம், இங்கே குண்டு போடாதீங்க" என்று செய்தி அனுப்பினேன். அதை ஒருவர் எழுதி, இன்னொருவர் விமானப்படைப் படிவத்துக்கு மாற்றி, அவர்கள் வரைபடக் கணக்குக்குத் திருத்தி... நாற்பது நிமிஷம். அதற்குள் நம் விமானமே வந்து குண்டு போட்டுவிட்டது. என் பக்கத்தில் இருந்த சிப்பாய் பெரியதம்பி செத்துப்போய்விட்டான். கண்டாச்சிபுரத்தில் அவன் மனைவி கோவிந்தம்மாளிடம் எதிரி குண்டு என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு இல்லாததை நீ செய்கிறாய். அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படி.

விருத்தாசலம்


பெங்களூர்
2.11.1987

என் தம்பிக்கு,

பெயர்களை மறைத்துவிட்டு உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். பிறகு விமானப்படை அதிகாரிதான், "ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம்" என்றார்.

போன வாரம் நடந்தது. தரைப்படைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்த இடம், விமானப்படைத் திரையில் அவர்கள் வரைபடக் கணக்கிலேயே வந்து நின்றது. பதினொரு விநாடி. மூன்று படையினரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன்னால்தான்.

காந்திமதி


திண்டிவனம்
15.11.1987

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கண்டாச்சிபுரம் போனேன். கோவிந்தம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"பதினாறு வருசமா இத நீ ஒருத்தனாவே சொமந்துகினு இருந்தியா?" என்றார். நான் அழுதுவிட்டேன். பிறகு, "இனிமே இப்பிடி நடக்காதா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் எங்க அக்கா பாடுபட்டுக்கினு இருக்குது" என்றேன்.

பொங்கலுக்கு உன்னை அழைத்துவரச் சொன்னார். ஒருநாள் முன்னதாகவே வா, இரண்டு பேரும் சேர்ந்து போகலாம்.

உன் தம்பி
விருத்தாசலம்