மேற்குக் காற்று அடித்த காலைகள்

2025 ஜூன் 19
மின்வெட்டு என்றுதான் பதில் எழுதினேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? திருவொற்றியூரில் செல்லக்கனி அக்காவின் மளிகைக்கடை மொட்டைமாடியில் நாங்கள் வைத்த மீத்தேன் அளக்கும் கருவி, சில காலைகளில் நின்றுபோகிறது. ஹெல்சின்கியில் எல்லா ஊர் எண்களையும் தொகுக்கிற ரீக்கா கேட்டிருந்தாள். விடுபட்ட நேரங்களை முன்பின் அளவுகளின் சராசரியால் நிரப்பிவிட்டாளாம். ஏழு நாடுகளின் கூட்டறிக்கைக்கு அது போதுமாம்.

ஜூன் 23
தண்டையார்பேட்டை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27
விடுபட்ட நேரங்களைக் காற்றின் திசையோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் மேற்குக் காற்று. மணலி ஆலைகள் பக்கமிருந்து வருவது. மின்வெட்டுக்குத் திசை தெரியுமா?

ஜூன் 28
அக்காவிடம் கேட்டேன். தராசில் கடலையை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "நாத்தம் வந்தா நான்தான் அமத்திருவேன். உறிஞ்சி உறிஞ்சி உள்ள கெட்டுப்போயிராதா? வெளிநாட்டுச் சாமான்லா."
உறிஞ்சத்தானே வைத்திருக்கிறோம் என்றேன்.
"நாங்க மூக்கைப் பொத்திக்கிடுதோம். அது பாவம், என்ன செய்யும்?"
கோபம்கூட வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூலை 1
மீத்தேனுக்கு மணமில்லை. ஆனால் அந்த நாற்றம் வரும் காற்றில்தான் அதுவும் வருகிறது. ஆக, மோசமான காலைகளை அணைத்துவிட்டு நல்ல நேரங்களால் ஒட்டுப்போட்டிருக்கிறோம். அறிக்கையில் எங்கள் ஊர் சுத்தம். அப்படியே வெளியானால் இங்கே மறுபடி யார் அளப்பார்கள்? சொன்னால் எங்கள் நிலையத்தை இந்த ஆண்டு நீக்கிவிடுவார்கள். என் வேலை நீட்டிப்பும் போகும்.
தம்பி முபாஷிர் சிரித்தான்: "அவுங்களே ஓகேன்னு சொல்லிகினு கீறாங்க. உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"
களைப்பு.

ஜூலை 2
சும்மா கிடந்தேன்.

ஜூலை 4
ரீக்காவுக்கு எழுதினேன். மின்வெட்டு இல்லை — அன்று விசாரிக்காமல் சொல்லிவிட்டேன். கருவியை அணைத்திருக்கிறார்கள். எங்கள் எண்களை எடுத்துவிடு. அக்கா பெயரை எழுதவில்லை.

ஜூலை 9
பதில் வந்தது. நன்றி, வருத்தம், இரண்டும் ஒரே வரியில். அறிக்கையின் வரைபடத்தில் சென்னை இல்லை. கருவி மார்ச் வரை இங்கேயே ஓடலாம். பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் கிடையாது. நாற்றம் வந்தாலும் அணைக்க வேண்டாமென்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 1
நேற்றோடு வேலை முடிந்தது. விடிந்ததும் அக்கா போன் செய்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.
"ஏ பிள்ள, நாத்தம் கொடலப் புடுங்குது. ஆனா நான் அமத்தலை. அதப் பாத்தா மனசுதான் கேக்க மாட்டேங்கு."
போனேன். தொண்டை எரிந்தது. திரையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை உயரம் நான் பார்த்ததில்லை. எண்களை ரீக்காவுக்கு அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன்.