காரம் இல்லாத இலை

சகலை,

போன வாரம் காரை சர்வீஸுக்கு விடப் போனபோது, டேஷ்போர்டு பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். திறந்ததும் ஓமத்திரவ வாசனை. பாதி குடித்து வைத்த பாட்டில், உங்களுடையது. மூடியைச் சரியாக மூடாமல் வைப்பதும் உங்கள் வழக்கம்தான்.

அக்காவை நான் கட்டினேன், தங்கையை நீங்கள் கட்டினீர்கள். அப்படி வந்த உறவு. நானாகத் தேடியிருந்தால் இப்படி ஒரு சிநேகிதர் கிடைத்திருக்க மாட்டார்.

தாராபுரத்து மாமனார் வீட்டுக்கு ஒன்றாகத்தான் போவோம். பெரியநாயக்கன்பாளையத்தில் உங்களை ஏற்றிக்கொண்டால், எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எதைப் பூட்டி வைத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவீர்கள். நான் கிண்டல் செய்வேன், நீங்களும் சிரிப்பீர்கள். மாமியார் வீட்டில் சோறு போதும் என்றால் விடுவார்களா? தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்த் தனியாக நிற்பீர்கள்.

வலி எப்போது வந்தது என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. தோட்டத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து உங்கள் அண்ணன் உங்களோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. காலையில் அவருடைய புல்லட் சத்தம் கேட்டால் உங்கள் கை வயிற்றுக்குப் போகும். பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும், முந்தின நாள் தின்ற பரோட்டாவைத்தான் திட்டினேன்.

எண்டோஸ்கோபி எடுத்த அன்று நீங்கள் மயக்கத்தில் இருந்ததால் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். குடலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வலி பொய்யில்லை என்றார். வயிற்றுக்கும் மூளைக்கும் நரம்பு வழியே ஓயாமல் போக்குவரத்து உண்டு, மனசில் அடைத்து வைப்பது வயிற்றில் தெரியும் என்றார். மனநல மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்தச் சீட்டை உங்களிடம் கொடுக்கவே இல்லை. அப்போது உங்கள் மகளுக்கு அவிநாசிப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடி வந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மனசுக்கு மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன்.

நீங்கள் கண் விழித்ததும், "ஒண்ணுமில்லீங்க சகலை, எல்லாம் சுத்தமா இருக்குதாமாங்க. காரத்தை மட்டும் நிறுத்தச் சொன்னாருங்க" என்றேன்.

"ஏதாச்சும் ஒண்ணு இருந்திருக்கலாமுங்க. இருந்தா எடுத்துப்போட்டிருப்பாங்கல்ல" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

ஆறு வருடம் நீங்கள் காரத்தைத் தொடவில்லை. மிளகாய் கிள்ளித் தாளித்த அரிசிம்பருப்புச் சோற்றுக்கு உயிரை விடுகிறவர், மகள் கல்யாணப் பந்தியில் மோர்ச்சோறு தின்றீர்கள். கேட்டவர்களிடம் என் பெயரைச் சொன்னீர்கள். "சகலை சொன்னாருங்க, அன்னைக்கே உட்டுப்போட்டேன்." எல்லோரும் உங்கள் கட்டுப்பாட்டை மெச்சினார்கள். வலி மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அந்த அளவுக்கு நான் தப்பித்தேன்.

இரண்டு மாதத்தில் என் வயிறு ஆரம்பித்தது. அதே குழாய், அதே பதில், அதே மாதிரி ஒரு சீட்டு. இந்தச் சீட்டோடு நான் போனேன். எப்போதிலிருந்து வலி என்று அந்த டாக்டர் கேட்டபோது, உங்கள் சீட்டைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை பேச வைத்தார். நான்கு மாதத்தில் பசி எடுத்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் வலியும் இந்த வைத்தியத்துக்குக் கேட்டிருக்குமோ என்று நினைக்காமல் ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை.

போன மாதம் உங்கள் வருஷத் திதி. பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று உங்கள் மனைவி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். தாளிப்பில் மிளகாய் இல்லை. கேட்டேன். "அவருக்குக் காரம் ஆவாதுங்களே மாமா" என்றாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லீங்க அம்மணி. நாந்தான் சொன்னேன்" என்றேன். சீட்டைப் பற்றியும் அங்கேயே நின்று சொல்லி முடித்தேன்.

அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டவில்லை. "ஒரே ஒரு மொளகா கிள்ளிப் போடுன்னு எத்தனை நாள் கேட்டாருங்க மாமா. நான் போடவே இல்லீங்க" என்றாள்.

மறுபடி அடுப்பைப் பற்ற வைத்து, எண்ணெயைக் காயவிட்டு, கை நிறைய வறமிளகாயைக் கிள்ளிப் போட்டாள். நெடி தாங்காமல் வீடே இருமியது. அவள் மட்டும் நகரவில்லை. உங்கள் இலையில் அந்தச் சோற்றை வைத்தாள். அதன்பிறகு என்னோடு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

போன் அடிக்கும்போதெல்லாம் அவளாக இருக்குமோ என்று பார்க்கிறேன். கை தானாக வயிற்றுக்குப் போகிறது. உங்கள் பாட்டிலை வீச மனசு வரவில்லை, சகலை. மூடியை இறுக்கி மூடி, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.