பதினொரு வண்டிக்கும் டிக்

உத்தனப்பள்ளி,
8.6.2025

அன்புள்ள அப்பா,

நலமா? போன் செய்தால் "அடுத்த டெலிவரி" என்று அரை நிமிடத்தில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்களோடு வேன் ஓட்டும் கோவிந்தன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மிக்சர் பொட்டலம் முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய தினசரி வண்டிச் சோதனைத் தாள்களும் உள்ளே இருக்கின்றன. ஆபீசில் வாரம் முழுவதற்கும் சேர்த்துத் திங்களன்றே வாங்கிவிடுவார்களாமே. உங்களையும் சேர்த்து ஓட்டுநர் சங்கத்தார் பதினொரு பேருக்கும் பிரேக், டயர், விளக்கு என்று சனிக்கிழமை வரை டிக் போட்டுவிட்டேன். என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொன்னார்களாம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை இன்னும் சொல்லவில்லை.

அன்பு மகள்,
மேகலா

ஓசூர்,
12.6.2025

அன்பு மகளுக்கு,

மிக்சர் பாதிதான் வந்தது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செவ்வாயன்று ராயக்கோட்டை ரோட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்தில் அடுக்கியிருந்த தக்காளிக் கூடைகளில் மோதி நின்றேன்.

நேற்று எங்கள் சங்கச் செயலாளர் சரோஜம்மாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார். "பதினொரு வண்டிக்கும் பிரேக் பாருங்க சார்" என்றார். மேனேஜர் உன் தாள்களை எடுத்து மேசைமேல் போட்டார். "எல்லாம் சரின்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க. அப்போ சிவராஜுக்கு ஓட்டத் தெரியல, அவ்ளோதான்" என்று என்னைக் காட்டினார்.

திங்களன்று விசாரணை. வேலை நிலைக்குமா தெரியவில்லை. உன்மேல் தவறில்லையம்மா. தாளைக் கொடுத்தது நாங்கள்.

அப்பா

உத்தனப்பள்ளி,
14.6.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா ஒரு முறை படித்துவிட்டு, "அந்த வண்டிய தக்காளியோடவே விட்டுட்டு வரச் சொல்லு" என்றார்.

பார்க்காத பிரேக்குக்கு டிக் போட்டது என் தவறுதான். விசாரணையில் அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள்: புதன்கிழமை மேனேஜர் காட்டிய தாள்களில் சனிக்கிழமைத் தாளும் இருந்ததே, அது எப்படி? சனிக்கிழமை பிரேக் பிடிக்கும் என்று திங்களன்றே யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. அந்தத் தாளில் 'சரி' என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. 'சரியில்லை' என்று சொல்ல இடமே இல்லை. 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு கட்டம் உள்ள தாள் ஒன்று வரைந்து இணைத்திருக்கிறேன்.

மேகலா

ஓசூர்,
17.6.2025

அன்பு மேகலா,

நீ சொன்னதைச் சரோஜம்மாள் அப்படியே கேட்டார். மேனேஜர் சனிக்கிழமைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிக் போட்டது நாங்கள் இல்லை, என் மகள்தான் என்று பதினொரு பேரும் சேர்ந்தே ஒப்புக்கொண்டோம்.

"ஒன்பதாவது படிக்கிற பொண்ணா உங்க பிரேக்கைப் பார்த்துச்சு?" என்றார் மேனேஜர்.

"அந்தப் பொண்ணு தாளையாச்சும் பார்த்துச்சு சார். இங்க அதையும் யாரும் பார்க்கல" என்றார் சரோஜம்மாள்.

என் வேலை தப்பியது. இன்று காலை உன் தாளை ஜெராக்ஸ் எடுத்து, அவரவர் வண்டியை அவரவரே குனிந்து பார்த்து எழுதினோம். ஏழு வண்டிகளில் பழுது தெரிந்தது, அவற்றை நாங்கள் எடுக்கவில்லை. மெக்கானிக் இப்போது என் வேனுக்கு அடியில் படுத்திருக்கிறார். அவர் வெளியே வரும்வரை எனக்கு ஓய்வு, அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

இனி தாள் எதுவும் அனுப்ப மாட்டேன். நீ பார்ப்பதற்காக மட்டும் என்னுடைய இன்றைய தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரேக்குக்கு நேரே, நீ வரைந்த இரண்டாவது கட்டத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது. திருத்தாதே.

அப்பா