பாலத்தில் மறையும் ரயில்

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
4 மார்ச் 1996

அன்புள்ள அத்தான்,

நான் சுகம். தொலைபேசியில் கதைத்தால் ஐந்தாவது நிமிடம் சண்டையில் போய் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். "வேலையை விட்டிட்டு சிட்னிக்கு வா" என்பதற்கு என் பதில் போன வருடம் சொன்னதுதான். நீங்கள் அங்கே ரயில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கலாம், நான் இங்கே அதே வேலையில் இருக்கக்கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை எங்கள் சரக்கு ரயில் ஒன்று வொடோங்காவிலிருந்து நேரத்துக்கு முந்தியே புறப்பட்டது. மாநில எல்லையிலுள்ள ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அது எங்கள் விக்டோரியாவின் திரையிலிருந்து மறைந்துவிடும், பிறகு அது உங்கள் சிட்னி அறையின் பொறுப்பு. உங்கள் பக்கத்துக்கு எழுதி ஃபேக்ஸ் அனுப்புவதுதானே வழக்கம், அனுப்பினோம். உங்கள் அறையில் யாரோ ஓய்வு பெறுகிறார் என்று எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டு நின்றீர்களாம். ஃபேக்ஸ் தட்டிலேயே கிடந்திருக்கிறது. ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பி, உங்கள் பக்கம் அல்பரிக்கு அப்பால் தண்டவாளம் திருத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் பள்ளத்தில் குதித்து உயிர் தப்பினார்கள். ஒருவருக்குக் கை முறிந்துவிட்டது.

என் திரையில் ரயில் நகர்வதை அந்தந்தக் கணமே உங்கள் திரைக்கும் மோடம் வழியாக அனுப்ப என்னால் முடியும். அந்தப் பக்கத்தில் வாங்க ஒரு ஆள் வேண்டும். நீங்கள் ஓம் என்றால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

அன்புடன்,
கலா


ஹோம்புஷ், சிட்னி
15 மார்ச் 1996

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. குத்திக்காட்டாமல் உனக்கு எழுத வராது. அந்தக் கேக்கில் நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்தான். அன்றிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை.

எங்கள் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். விக்டோரியாக்காரரின் தகவலை நம்பி ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். இனி அது கிணற்றில் போட்ட கல்தான். உங்கள் பக்கத்திலும் அதே கதையாகத்தான் இருக்கும்.

ஆகவே நீ அனுப்பு. இங்கே மூலையில் ஒரு கணினி சும்மா கிடக்கிறது, அதில் வாங்குகிறேன். வெளியில் மட்டும் மூச்சு விடாதே.

குளிர் தொடங்கப்போகிறது, கம்பளிச் சட்டை வாங்கினாயா?

அன்புடன்,
வரதன்


ஸ்பிரிங்வேல்
20 ஜூன் 1996

அன்புள்ள அத்தான்,

மூன்று மாதமாக ஒரு ரயிலும் நடுவழியில் காணாமல் போகவில்லை. முதல் நாள் ரயில் பாலத்தில் ஏறியபோது ஃபோனில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "கலா, எனக்கும் தெரியுது" என்றீர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் என் பெயரை அவ்வளவு சந்தோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முழுக்க அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. மாநிலத்தின் தகவலை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தேன் என்று ஜூலை எட்டாம் தேதி எனக்கு விசாரணை. மேலாளர் நேற்று என்னைக் கூப்பிட்டு, சிட்னியிலிருந்து வந்த பதிலை வாசித்துக் காட்டினார். "என் மனைவி தன்பாட்டில் அனுப்பினார், நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை" என்று நீங்கள் சொன்னதாக அதில் இருந்தது.

இது நீங்கள் சொன்னதா? பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் நடப்பது உங்கள் பழக்கம், எனக்குத் தெரியும். இந்தமுறை தடி நானல்லவா? "நானும் கேட்டனான்" என்று ஒரு வசனம் சொல்லுங்கோ. என் வேலை போனாலும் போகட்டும், அந்த வசனம் எனக்கு வேண்டும்.

இணைப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான் நிறுத்தவில்லை. தேவையென்றால் அவர்களே வந்து வயரைப் பிடுங்கட்டும்.

கலா


ஹோம்புஷ்
29 ஜூன் 1996

அன்புள்ள கலா,

ஓம், நான்தான் சொன்னேன். கூப்பிட்டு இருத்தி நாலு பேர் கேட்டபோது வாயில் வந்தது அதுதான். பிறகு யோசித்துப் பார்த்தேன், அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டில் ஒருவருக்காவது வேலை மிஞ்ச வேண்டாமா? பக்கத்து வீட்டு ஆனந்தராஜா அண்ணரும் அதையே சொல்கிறார்.

நீ மன்னிப்புக் கேட்டுவிடு. பெண்பிள்ளை என்று இரங்குவார்கள். பிறகு இங்கே வந்துவிடு, நான் கதைத்து உனக்கும் ஒரு வேலை எடுத்துத் தருவேன். வீம்பு பிடிக்காதே.

உன்,
வரதன்


ஸ்பிரிங்வேல்
9 ஆகஸ்ட் 1996

வரதராஜனுக்கு,

விசாரணைக்கு நான் தனியாகத்தான் போனேன். கதவைத் திறந்தால் பின்வரிசைக் கதிரைகளில் வேலை உடுப்போடு இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளத்தில் குதித்தவர்கள். விசாரணை என்று கேள்விப்பட்டு, இருட்டோடு அல்பரியிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கிறார்கள். அதுவரை நான் அவர்களைக் கண்டதுமில்லை.

அனுமதி இல்லாமல் செய்தீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்கிறீர்களா என்றார்கள். கேட்கமாட்டேன், நாளைக்கும் செய்வேன் என்றேன். சிட்னியில் வாங்கியது யார் என்றதற்கு, அவருக்கும் வாய் இருக்கிறது, அவரையே கேளுங்கள் என்றேன். கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆனால் கை முறிந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, வயரைப் பிடுங்கு என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. இப்போது இரண்டு மாநிலமும் அதையே தங்கள் திட்டம் என்று அறிவித்திருக்கின்றன. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாளர் நீங்களாம். கேக் வெட்டியிருப்பீர்கள்.

நான் சிட்னிக்கு வரமாட்டேன். முன்பு வேலைக்காக மறுத்தேன், இப்போது உங்களுக்காக மறுக்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் எனக்காக அவ்வளவு தூரம் வந்தார்கள். உங்களால் ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுது முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் திரும்பவும் வேலையில் இருப்பேன். ஒரு ரயிலும் பிசகாமல் உங்கள் திரைக்கு வரும், அதற்கு நான் பொறுப்பு. பாலத்தில் ஏறும்போது பார்த்துக்கொள்ளுங்கோ. தெரியுது என்று சொல்ல ஃபோன் எடுக்க வேண்டாம்.

கலா