அப்பா மஸ்கட் வாங்கிக் குடுத்த லாபம்

தெமோதரை
14.06.2010

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், தோஹா வெயில்ல நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தெனமும் வெளக்கு வைக்கிறப்ப வேண்டிக்கிறேன். சுகம்னு எழுத கை வந்தாலும் மனசு வரல புள்ள. அப்பா சரியா சாப்பிட்டு ஒரு வாரமாச்சு. போன்ல கேட்டா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாரு, அதனாலதான் எழுதுறேன்.

அப்பாவோட சேவைக்காலப் பணத்துக்குப் பதிலா கம்பெனி பத்திரம் குடுத்துச்சே, அடுத்த வருசம் வட்டியோட தாறோம்னு. தேயிலைத் தோட்டத்துல காசு கைக்கு வராம யாரும் கம்பெனி குவாட்டர்ஸ் சாவியக் குடுக்க மாட்டாங்க, அந்தச் சாவி ஒண்ணுதான் நமக்கு இருக்கிற பிடி. இந்த மனுசன் பத்திரத்த வாங்கினதுமே பணமே வந்துட்ட மாதிரி சாவிய நீட்டிட்டாரு. நான் தலைகீழா நின்னு சொல்லிப் பாத்தேன், கேட்டாத்தானே. ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தவருக்கு கம்பெனி எழுத்துன்னா சாமி வாக்கு. இப்ப வாடகை வீட்டுல கெடக்குறோம். போன மாசம் கம்பெனியோட வருசாந்த அறிக்கை தபால்ல வந்துச்சி. முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல லாபம்னு இருந்திச்சி. அப்பாவுக்கு கால் தரையில படல. பதுளைக்குப் போயி மஸ்கட் அல்வா வாங்கி வந்து, பத்திரம் வச்சிருக்கிற வீட்டுக்கெல்லாம் குடுத்தாரு. நம்ம தனலெட்சுமி அக்கா, டீமேக்கர் சம்சாரம், அவரு செத்த பொறகு அவங்களுக்கும் இதே பத்திரம்தான் கெடச்சிச்சு. முழங்கால் ஆபரேசனுக்குக் காசில்லாம, கொழும்புல இருந்து வந்த ஒருத்தனுக்கு அத பாதி வெலைக்கு குடுத்துடலாம்னு இருந்தாங்க. அப்பாதான், கம்பெனி லாபத்துல ஓடுது, பாதிக்கு விக்கிறதுக்கு பைத்தியமா பிடிச்சிருக்குன்னு தடுத்தாரு. அக்காவும் நம்பி அந்த ஆளத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அதுக்கப்பறம்தான் உனக்கு கொமர்ஸ் படிப்பிச்ச வாஹித் சேர் வந்தாரு. அறிக்கையில பின்னால எறும்பு மாதிரி சின்ன எழுத்துல ஒரு குறிப்பு, அத வாசிச்சி வெளங்கப்படுத்தினாரு. கம்பெனி தர வேண்டிய கடனுக்கு இன்னைக்கி நியாயப் பெறுமதி என்னன்னு வருசக் கடைசியில கணக்குப் பாப்பாங்களாம். இவங்க திருப்பித் தருவாங்கங்கிற நம்பிக்கை கொறஞ்சா, அந்தப் பத்திரத்துக்கு வெளிய வெலையும் கொறஞ்சிருமாம். அப்படித்தான் நூறு ரூபா கடன நாப்பதுன்னு போட்டு, மிச்ச அறுபத லாபத்துல சேத்துட்டாங்க. கொழுந்துல வந்த லாபம் இல்ல புள்ள. இவனுங்க தர மாட்டானுங்கன்னு ஊரு நெனச்சதுதான் லாபம். இது கள்ளக்கணக்கு இல்ல, விதிப்படி உள்ளதுதான், மறைக்காம எழுதியும் இருக்காங்க, தர வேண்டியது இன்னும் அதே நூறுதான்னு சேர் சொன்னாரு. என்ன விதியோ போ. தனக்கு வந்த நட்டத்துக்கு தானே மஸ்கட் குடுத்துருக்காரு உங்கப்பா.

அக்கா சண்டைக்கு வந்தாலாவது தாங்கிக்கலாம். கொழும்பு ஆளு இப்ப பத்திரமே வேணாங்கிறானாம். அக்கா நேத்து பொன்னாங்கண்ணிக் கீர கொண்டாந்து குடுத்துட்டு, செவுத்தப் பிடிச்சிக்கிட்டே படியிறங்கிப் போனாங்க. அப்பா உள்ள கதவச் சாத்திக்கிட்டு இருந்தாரு. வாஹித் சேர் சொன்னத இன்னும் அவரு ஏத்துக்கல. என் மக அங்க இதே கணக்குதான் பாக்குறா, அவ சொல்லட்டும்னு அந்தக் குறிப்ப பாத்து எழுதி இதோட வச்சிருக்காரு. அப்பா ஒடஞ்சி போயிருவாருன்னு நீ பூசி மெழுகாத. அவரு அக்கா வீட்டுப் படியேறி நடந்தத சொல்லணும், அதுக்கு உன் வார்த்த வேணும். ஏசியில படுக்கிறப்ப தலைக்கு துணி கட்டிக்க, நேரத்துக்கு சாப்பிடு, சாமி உனக்கு ஒரு கொறையும் வைக்காது. பதில் அப்பா பேருக்கே போடு, மறந்துறாத. என்ன எழுதுறதா இருந்தாலும் முதல் பக்கத்துலயே எழுது புள்ள, அவரு அதுக்கு மேல பெரட்ட மாட்டாரு.

இப்படிக்கு,
உன்ன நெனச்சிக்கிட்டே இருக்கிற அம்மா,
பொ. தெய்வானை