கதவின் கீழ்த் தாழ்ப்பாள்

மாமி,

இன்று காலை மரவேலை செய்யும் ஓடாவியார் வந்து நடு அறையின் பழைய கதவைக் கழற்றி முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். ஈரம் ஏறிய பலகையும் துருவும் கலந்த ஒரு வாடை எழுந்தது. கதவின் கீழ்ப்பக்கத்தில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. இந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஓடாவியார் கேட்டார். ஒரு தாழ்ப்பாள் இருந்தது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

உங்களிடம் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடிந்து நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்களும் மாமாவும் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் குசினியோடு ஒட்டிய அறைக்குப் போனீர்கள். மருமகன் முன்னால் மாமி வந்து நிற்பதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதுமில்லை. மார்க்கத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை என்பது படித்த எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வழக்கத்தை மீறும் துணிவு எனக்கு இருக்கவில்லை. உங்களுக்கு அது இருந்ததா என்று நான் கேட்டதுமில்லை.

உங்கள் மகள் வீட்டில் இருந்தவரை நம் பேச்சு அவள் வழியாக நடந்தது. எங்கள் பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கிடைத்தது. தூரத்து ஊர், விடுமுறைக்குத்தான் வருவாள். மாமா சம்மாந்துறைக்கு அப்பால் வயல் குடிசையிலேயே, வாடியில், கிடந்தார். வீட்டில் எஞ்சியது நீங்கள், நான், ஆறேழு சொற்கள் மட்டும் தெரிந்த பிள்ளை. அதன்பின் பிள்ளை வழியாகக் கதைத்தோம்.

"மளே, வாப்பாட்ட செல்லுங்க, சோறு ஆறுது எண்டு" என்பீர்கள் திரைச்சீலைக்குப் பின்னால். நான் அவளைப் பார்த்து, "மூத்தம்மாட்ட செல்லுங்க, வாறன் எண்டு" என்பேன். நடுவில் நின்ற அவள் இரண்டு பக்கமும் திரும்பிச் சிரிப்பாள். ஒரு சொல்லையும் அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எல்லாம் சேர்ந்தது.

அந்த வருட மாரியில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நின்றது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தால் வெளியேறியவர்கள் தங்கியிருந்தார்கள், வகுப்பு இல்லை. பகல் முழுவதும் பிள்ளை என் பொறுப்பு. பள்ளிக்கூடப் பாடநேரம் போல அவளுக்கும் நேரம் வகுத்தேன்: இத்தனை மணிக்குப் பால், இத்தனை மணிக்குச் சோறு, பிறகு நித்திரை. சோற்றை வாயில் வைத்தால் என் சட்டையில் துப்பினாள். நித்திரைக்குப் போட்டால் நுளம்பு வலையைப் பிடித்துத் தொங்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது:

"மளே, வாப்பாட பெல் இன்னம் அடிக்கல்லயா? பெல் அடிச்சாத்தானே உங்களுக்குப் பசிக்கும்."

கடைத்தெருவுக்குப் போகச் சட்டையைப் போட்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அலறுவாள். கழற்றினால் விட்டுவிடுவாள். நான் சட்டை போடுவதும் கழற்றுவதுமாகச் சில நாட்கள் போயின. சாய்ந்தமருதில் என் உம்மா வீடு, நடக்கிற தூரம்தான். ஆனால் பெண்சாதி ஊரில் இல்லாத நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகும் ஆணைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்பது எனக்குத் தெரியும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நிற்பேன். பிள்ளையும் என் பக்கத்தில் நின்று கீழ்க் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

பொருட்களைக் கிணற்றில் போடுவது அவளுக்குப் புது விளையாட்டு. இரண்டு கரண்டியும் சவர்க்காரப் பெட்டியும் அப்படித்தான் போயின. கிணற்றுக் கட்டோ முழங்கால் உயரம். "கெணத்தடிக்குப் போகாதீங்க மளே" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மழைச் சத்தம் போல அந்த வீட்டின் சத்தமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆடு முட்டித் திறக்கிறது என்று நடு அறைக் கதவின் வெளிப்புறம், அடியில், அந்தத் தாழ்ப்பாளை அடித்தவன் நான்தான். ஆட்டை மட்டும் யோசித்தேன்.

மழை விட்டிருந்த ஒரு காலை. அவள் நனைத்த சாரனை மாற்ற அறைக்குள் போனேன். என் பின்னால் கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. முதலில் சிரித்தேன். திறங்க மளே என்றேன். சன்னலால் பார்த்தால், என் செருப்பு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போகிறாள், கிணற்றுப் பக்கமாக.

"கெணத்தடிக்குப் போகாதீங்க மளே" என்று கத்தினேன். குசினியில் நீங்கள் தேங்காய் துருவும் சத்தம் நிற்கவில்லை. ஏன் நிற்கும்? காலையிலிருந்து பத்துத் தடவை கேட்ட வார்த்தை. "மூத்தம்மாட்டப் போங்க" என்றேன். அதுவும் தினமும் சொல்வதுதான். கதவைத் தோளால் இடித்தேன், முதிரைப் பலகை அசையவில்லை. அவள் கிணற்றுக் கட்டில் வயிற்றை வைத்துக் குனிந்தாள். உங்களுக்கென்று என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை, எல்லாம் பிள்ளை வழியாகவே போய்ப் பழகிய வார்த்தைகள்.

"மாமி!"

துருவல் நின்றது. அடுத்த நொடி நீங்கள் முற்றத்தில் ஓடினீர்கள். தலையில் முக்காடில்லை, கையில் பாதிச் சிரட்டை. அதை எறிந்துவிட்டுப் பிள்ளையின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தீர்கள். செருப்பு மட்டும் கிணற்றில் விழுந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து தாழ்ப்பாளை இழுத்தீர்கள். முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றோம். உங்கள் முன்மயிரில் நரை தொடங்கியிருந்ததை அன்றுதான் கண்டேன். இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, மூச்சு வாங்க அவளிடமே சொன்னீர்கள்:

"மளே, வாப்பாக்கு நல்ல தொண்ட எண்டு செல்லுங்க. பள்ளியில தொழுகைக்கு வாங்கு செல்லப் போகலாமாம்."

பிறகு குசினிக்குப் போனீர்கள். வெகுநேரம் துருவல் சத்தம் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அன்றே தாழ்ப்பாளைக் கழற்றினேன். மாமா வந்து கிணற்றுக்குப் பலகை மூடி செய்தார். நான் கூப்பிட்டதைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மாரி முழுவதும் அடைபட்டவன் நான் என்றே எண்ணியிருந்தேன். உங்கள் நரையைக் கண்ட பிறகுதான் மற்றது புரியத் தொடங்கியது. அது நீங்கள் வாழ்ந்த வீடு. நான் வந்த நாளிலிருந்து முன்வாசல் காற்றில் நீங்கள் இருந்ததில்லை. நான் தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்து நடு அறையைக் கூட்டிவிட்டு, என் செருப்புச் சத்தம் கேட்டதும் பின்னால் ஒதுங்கினீர்கள். நீங்கள் மௌத்தான அன்று உங்களை எடுத்துப்போன சந்தூக்கின் ஒரு காலை என் தோள் சுமந்தது. அப்போது இன்னொரு தடவை மாமி என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இப்போது கலியாணமான அந்தப் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உங்கள் மகளும் நானும் குசினியோடு ஒட்டிய அதே அறையில் இருக்கிறோம். உங்கள் மகள் மருமகனோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கிறாள், காலம் அவ்வளவு மாறிவிட்டது. எனக்குத்தான் அவர் முன்னால் வாய் வருவதில்லை. அவர்களுடைய சின்னவளுக்கு ஒன்றரை வயது.

மத்தியானம் புதுக் கதவைப் பொருத்தினார்கள். வெளித் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அடிப்பது என்று ஓடாவியார் கேட்டார். வசதியாகக் கீழே அடியுங்கள் என்றார் மருமகன். சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"மளே, வாப்பாட்ட செல்லுங்க, தாழ்ப்பாள மேல அடிக்கட்டாம் எண்டு."

என் மகள் சிரித்துவிட்டாள். "என்ன வாப்பா, அவரு முன்னாலதானே இரிக்காரு."

மருமகன் சிரிக்கவில்லை. எட்டாத உயரத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஓடாவியார் அங்கே அடித்தார்.